லோ நீடிலைக் கடைசியில் தொடுங்கள்: ஃபோர் ஸ்ட்ரோக் மாடல் எஞ்சினுக்கு ஐடில் செட்டிங்

ஐடிலிங் (த்ராட்டிலை இறக்கியபின் நிற்காமல் மெதுவாக ஓடுவது) கோளாறு என்று என்னிடம் வரும் ஃபோர் ஸ்ட்ரோக் மாடல் விமான எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில், ஐடிலில் எரிபொருளை அளக்கும் ஸ்க்ரூவான லோ நீடிலில் ஒரு குறையும் இருப்பதில்லை. பிளக் சாகும் நிலையில் இருக்கும், டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே இருப்பது) போயிருக்கும், டேங்க் தப்பான உயரத்தில் உட்கார்ந்திருக்கும், இல்லை இன்டேக் குழாயில் எங்கோ காற்று புகும். கொண்டுவருகிறவர் சொல்வது மட்டும் எப்போதும் ஒன்றுதான்: “ஏனுங்கண்ணா, ஐடிலிங் சூப்பரா நிக்குது, த்ராட்டில் குடுத்தா ஆஃப் ஆயிடுது.” அதற்குள் லோ நீடிலை இங்கும் அங்கும் பலமுறை திருகியிருப்பார். முதலில் அது எங்கே இருந்தது என்று கேட்டால் பதில் வராது.

நான் கோவையில் டூவீலர் மெக்கானிக். மாடல் விமானம் ஞாயிற்றுக்கிழமை வேலை. கடையில் கார்ப்பரேட்டரோடு மல்லுக்கட்டிய பழக்கம் மைதானத்தில் உதவுகிறது என்றாலும் ஒரு விஷயத்தில் காலை வாரிவிடும். பைக்கில் ஐடிலிங் சத்தம் சீராக இருந்தால் வேலை முடிந்தது என்று சாவியைக் கொடுத்துவிடலாம். ஸ்பார்க் இல்லாமல் பிளக்கின் சூட்டிலேயே எரியும் க்ளோ எஞ்சினில் அந்தச் சத்தத்தை நம்ப முடியாது. கொஞ்சம் லீனாக (காற்றுக்கு எரிபொருள் குறைவாக) இருக்கும் எஞ்சின் ஐடிலில் கேட்க மிக இனிமையாக இருக்கும். த்ராட்டிலைத் திறக்கும் அந்த ஒரு நொடியில்தான் காற்றும் எரிபொருளும் சேர்ந்த மிக்சர் சரியா தப்பா என்பது வெளியே வரும்.

உதாரணத்துக்கு ஜப்பானின் ஓ.எஸ். நிறுவனத்து எஃப்.எஸ்-70 சர்பாஸ் எஞ்சினை வைத்துக்கொள்வோம். 11.5 சிசி, கார்ப் சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும், அதனால் கை ப்ரொப்பெல்லரை விட்டுத் தள்ளியே வேலை செய்யும். சைட்டோ, மேக்னம், ஏ.எஸ்.பி. எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதுதான், ஸ்க்ரூ இருக்கும் இடம் கொஞ்சம் மாறும். ஒய்.எஸ். எஞ்சினை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். பம்ப்பும் ரெகுலேட்டரும் உள்ள சாமான் அது, அதற்குத் தனிக் கணக்கு.

ஃபோர் ஸ்ட்ரோக் ஏன் படுத்துகிறது

ஒசாகாவின் ஓ.எஸ். நிறுவனம் 1976இல் எஃப்.எஸ்-60 எஞ்சினைக் கொண்டுவந்த பிறகுதான் ஃபோர் ஸ்ட்ரோக் என்பது சாதாரண மாடல்காரர் கைக்கு வந்தது. அதுவரை எல்லோர் கையிலும் டூ ஸ்ட்ரோக்தான். இரண்டிலும் ஸ்பார்க் கிடையாது. பிளக்கில் இருக்கும் பிளாட்டினம் கலந்த சின்னக் கம்பிச் சுருள்மேல் மெத்தனால் ஆவி பட்டதும் அது தானே கனன்று எரிய வைக்கிறது. ஸ்டார்ட் ஆகும்வரைதான் ஒன்றரை வோல்ட் பேட்டரி. அப்புறம் ஒவ்வொரு எரிப்பின் சூட்டையும் அடுத்த எரிப்பு வரைக்கும் அந்தச் சுருள் தாங்கிக்கொண்டே போக வேண்டும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 2,400 சுற்று ஐடிலில் டூ ஸ்ட்ரோக் நொடிக்கு 40 முறை எரிகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிவதால் 20 முறைதான். இரண்டு எரிப்புக்கு நடுவே பிளக் ஆறிப்போக இரண்டு மடங்கு நேரம். அதனால்தான் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கென்றே ஓ.எஸ். ‘எஃப்’ வகை பிளக் விற்கிறது. அந்தப் பிளக்கையும் ஆற வைக்க வேறென்ன வேண்டும்? கூடுதலாக ஊற்றப்படும் மெத்தனால் போதும். ஐடில் ரிச்சாக (எரிபொருள் அதிகமாக) இருந்தால் ஃபோர் ஸ்ட்ரோக் டூ ஸ்ட்ரோக்கைவிட வேகமாக அணைந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

கார்ப்பின் உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். த்ராட்டில் ஆர்மைத் திருப்பினால் உள்ளே பேரல் என்ற உருளை சுழலும். சுழல்வதோடு மட்டுமில்லாமல் பக்கவாட்டிலும் கொஞ்சம் நகரும். பேரலோடு சேர்ந்து லோ நீடிலும் நகர்ந்து, எரிபொருள் வரும் ஜெட்டுக்குள் நுழைந்து வழியைக் குறுக்கும். முழு த்ராட்டிலில் லோ நீடில் ஏறக்குறைய வெளியே வந்துவிடும். அங்கே அளந்து கொடுப்பது ஹை நீடில். ஐடிலில் லோ நீடில் அளக்கிறது. நடுவில் இரண்டும் சேர்ந்து அளக்கின்றன. ஹை நீடிலை மாற்றினால் ஐடிலும் ஓரளவு மாறும் என்பது இதிலிருந்தே புரியும். அதனால் ஹை முதலில், லோ பிறகு. இந்த வரிசையை மாற்றினால் நாள் முழுவதும் திருகிக்கொண்டே இருக்கலாம்.

உங்கள் கார்ப்பில் லோ நீடில் எங்கே என்று தேடினால், பெரும்பாலும் த்ராட்டில் ஆர்மின் மையத்தில் உள்ளே தள்ளி ஒரு பித்தளை ஸ்க்ரூ தெரியும். வலப்புறம் திருகினால் உள்ளே போய் லீன், இடப்புறம் திருகினால் ரிச். சில சின்ன, பழைய எஞ்சின்களில் இது இருக்காது. கார்ப்பின் முகத்தில் ஒரு சிறு துளையும் அதை மறைக்கிற மாதிரி ஸ்ப்ரிங் போட்ட ஸ்க்ரூவும் இருக்கும். அது ஏர் ப்ளீட் வகை. அதில் ஸ்க்ரூ கட்டுப்படுத்துவது காற்றை. வலப்புறம் திருகினால் காற்று குறையும், அதாவது ரிச் ஆகும். எல்லாமே தலைகீழ். முன்னே பின்னே தெரியாத எஞ்சினைக் கையில் எடுத்தால் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

நீடிலுக்கு முன் பார்க்க வேண்டியவை

பிளக்கிலிருந்து தொடங்குவோம். கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். சுருள் பளபளவென்று, வளையங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். மங்கி, சுருங்கி, வெள்ளை படிந்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். வெளியே வைத்து பேட்டரி கொடுத்தால் செக்கச்செவேலென்று எரிகிறதே என்று வாதாடுவார்கள். வெளியே எரிவது பேட்டரியின் தயவில். உள்ளே பேட்டரி இல்லாமல் எரிய வேண்டும் என்பதுதான் பிரச்சினை. நம் ஊரில் பிளக் விலை வலிக்கும்தான், ஆனால் வயலில் விழுந்த விமானத்தின் விலை அதைவிட வலிக்கும்.

அடுத்து டேப்பட். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், ஏனென்றால் சூட்டில் இடைவெளி மாறும். ராக்கர் கவரைக் கழற்றி, ப்ரொப்பெல்லரைக் கையால் திருப்பி, கம்ப்ரஷனில் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும் இடம் அது. ஓ.எஸ். சொல்லும் அளவு 0.04 முதல் 0.1 மில்லிமீட்டர். 0.04 ஃபீலர் (இடைவெளி அளக்கும் தகடு) உள்ளே போக வேண்டும், 0.1 போகக் கூடாது. இடைவெளியே இல்லாவிட்டால் வால்வு முழுதாக உட்காராது, கம்ப்ரஷன் போய் ஐடிலிங் ஏறி இறங்கும். அதிகமானால் டக் டக் சத்தத்தோடு வால்வு திறப்பதும் குறையும். புல்லட்டுக்கு டேப்பட் வைத்த கை உங்களுக்கு இருந்தால் ஒரு எச்சரிக்கை: இங்கே லாக் நட் குழந்தை நட் மாதிரி, முறுக்கினால் கையோடு வந்துவிடும்.

இன்டேக் குழாய் சிலிண்டர் ஹெட்டிலும் கார்ப்பிலும் சேரும் இரண்டு இடங்களையும் பாருங்கள். ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தாலோ ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலோ அங்கே காற்று புகும். முழு த்ராட்டிலில் இந்தக் கசிவு தெரியாது, மொத்தக் காற்றில் அது ஒரு துளிதான். ஐடிலில் மொத்தக் காற்றே கொஞ்சம்தான் என்பதால் அதே கசிவு கூத்தாடும். ஒரே ட்ரிம்மில் (ரிமோட்டில் த்ராட்டிலை நுணுக்கமாக நகர்த்துவது) ஐடிலிங் ஒருமுறை 2,300, மறுமுறை 3,000 என்று நின்றால் நீடிலை விட்டுவிட்டு இங்கே தேடுங்கள். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பின்பக்கமிருந்து இணைப்பின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள். சத்தம் மாறினால் ஆள் அகப்பட்டான்.

டேங்க்கின் நடுக்கோடு கார்ப்பின் ஜெட் உயரத்திலோ, 5 முதல் 10 மில்லிமீட்டர் கீழேயோ இருக்க வேண்டும். டேங்க் மேலே இருந்தால் நிறைந்திருக்கும்போது ரிச், தீரும்போது லீன். என்ன ட்யூன் செய்தாலும் பாதிப் பறப்பில் மாறிவிடும். டேங்க்கை நேராக மரத்தில் இறுக்காமல் ஃபோம் சுற்றி வையுங்கள், இல்லாவிட்டால் அதிர்வில் உள்ளே நுரை கட்டி டியூபில் குமிழ் குமிழாக வரும். டேங்க் உள்ளே எரிபொருளை உறிஞ்சும் க்ளங்க் டியூபில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் இதே கதைதான். வெளியே தெரியும் டியூபில் ஓடும்போது குமிழ் தெரிந்தால் ட்யூனிங் அன்றைக்கு வேண்டாம்.

எரிபொருள் பற்றிக் கொஞ்சம். 18 முதல் 20 சதவீதம் எண்ணெய், 5 முதல் 15 சதவீதம் நைட்ரோமீத்தேன், மிச்சம் மெத்தனால் என்பது ஃபோர் ஸ்ட்ரோக்குக்குப் பொதுவான கலவை. நைட்ரோ இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை என்பதால் பலர் 5 சதவீதத்திலோ நைட்ரோவே இல்லாமலோ ஓட்டுகிறார்கள். ஓடும், கவலையில்லை. ஐடிலை 100, 200 சுற்று கூடுதலாக வைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். மளிகைக் கடை விளக்கெண்ணெயை ஊற்றி மலிவாகக் கலக்கலாம் என்று ஒரு யோசனை மைதானத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விளக்கெண்ணெய் மெத்தனாலில் கரையும் என்பதும் உயவு நன்றாக இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் பிசின் நீக்காத எண்ணெய் சூட்டில் பழுப்பு வார்னிஷாக வால்வுத் தண்டில் படியும். வால்வு ஒட்ட ஆரம்பித்தால் ஐடிலிங்கைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி மழையில் மூடி தளர்ந்த கேனில் கிடந்த எரிபொருளை மார்கழியில் ஊற்றிவிட்டு எஞ்சினைத் திட்டுகிறவர்கள் உண்டு. இன்னொன்று, இது விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் இருந்தது இதே மெத்தனால்தான். வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவைப்படும் சரக்கு. குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், வாயால் டியூபை உறிஞ்சி இழுக்காதீர்கள், வீட்டில் பூட்டி வையுங்கள்.

அடிப்படை செட்டிங் தொலைந்துபோனால்

யாரோ திருகிவிட்டார், எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. கார்ப்பைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து, எரிபொருள் படாத புது சிலிக்கான் டியூப் ஒன்றை இன்லெட்டில் மாட்டுங்கள். ஹை நீடிலை மூன்று சுற்று திறந்துவிடுங்கள். பேரலை ஐடில் நிலைக்குக் கொண்டுவாருங்கள், அதாவது வாய்ப்பக்கம் பார்த்தால் 0.5 முதல் 1 மில்லிமீட்டர் சந்து தெரிய வேண்டும். இப்போது டியூபில் மெதுவாக ஊதிக்கொண்டே லோ நீடிலை உள்ளே திருகுங்கள். காற்று தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது மெல்ல மெல்லக் குறைந்து, லேசாக ‘ஸ்ஸ்’ என்று மட்டும் கேட்கும் இடம் வரும். அங்கே நிறுத்துங்கள். த்ராட்டிலைத் திறந்தால் சத்தம் உடனே பெருக வேண்டும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகி ஐடிலில் நிற்க இது போதும். மிச்சத்தை மைதானத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியே ரேடியோவையும் (ரிமோட்) சரிபாருங்கள். த்ராட்டில் ஸ்டிக் கீழே, ட்ரிம் நடுவில் இருக்கும்போது அந்தச் சின்னச் சந்து. ட்ரிம்மையும் கீழே இழுத்தால் பேரல் முழுதாக மூடி எஞ்சின் நிற்க வேண்டும். ஸ்டிக்கை மேலே தள்ளினால் முழுத் திறப்பு. எந்த முனையிலும் த்ராட்டிலை இழுக்கும் சிறு மோட்டாரான சர்வோ முனகக் கூடாது.

ஹை நீடில்

விமானத்தின் வாலை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், அல்லது கட்டிவிட வேண்டும். நீங்கள் நிற்க வேண்டிய இடம் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால். அதன் சுழல் தளத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்க்கும் பையன்களும்தான். வேட்டி, துண்டு, கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு எதுவும் வேண்டாம்.

ஃபோர் ஸ்ட்ரோக்கைச் சோக் செய்தபின் (கார்ப் வாயை மூடி எரிபொருளை உள்ளே இழுத்தபின்) ஸ்டார்ட்டரை வைப்பதற்கு முன், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்காமல், கையால் இரண்டு முழுச் சுற்று மெதுவாகத் திருப்புங்கள். எங்காவது கல்லாக நின்றால் சிலிண்டருக்குள் எரிபொருள் தேங்கியிருக்கிறது. அந்த நிலையில் ஸ்டார்ட்டர் கொடுத்தால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றிக் கவிழ்த்து வடித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஒரு நிமிடம் பாதி த்ராட்டிலில் சூடேற விடுங்கள். பேட்டரியை எடுத்துவிட்டு முழு த்ராட்டிலுக்குப் போய் ஹை நீடிலை ஒவ்வொரு க்ளிக்காக மூடிக்கொண்டே, சுற்றை எண்ணும் டாக்கோமீட்டரைப் பாருங்கள். எண் ஏறி ஏறி ஓர் இடத்தில் நிற்கும். அங்கிருந்து 200, 300 சுற்று குறையும்வரை திறந்துவிடுங்கள். 13x6 அங்குல ப்ரொப்பெல்லரில் உச்சம் 9,600 வந்தால் 9,300இல் விட்டுவிடுங்கள். மூக்கை வானம் பார்க்கத் தூக்கிப் பத்து நொடி பிடியுங்கள். சுற்று அப்படியே இருக்கலாம், கொஞ்சம் ஏறலாம், இறங்கக் கூடாது. இறங்கினால் இன்னும் இரண்டு க்ளிக் திறக்க வேண்டும்.

இந்த இடத்தில் பேராசை வேண்டாம். லீனாகிப்போன ஃபோர் ஸ்ட்ரோக் திடீரென்று எதிர்த்திசையில் உதைக்கும். அந்த உதையில் ப்ரொப்பெல்லர் நட் கழன்று ப்ரொப்பெல்லரோடு பறக்கும். லாக் நட் கொடுத்திருப்பது அழகுக்காக இல்லை, அதை மாட்டுங்கள்.

இப்போது லோ நீடில்

த்ராட்டிலை ஐடிலுக்கு இறக்கி, ட்ரிம்மால் 2,500 அருகே நிறுத்துங்கள். பேட்டரி மாட்டியிருக்கக் கூடாது. மாட்டியிருந்து எடுக்கும்போது சுற்று படக்கென்று இறங்கினால் பிளக் மோசம், அல்லது ரிச். 30 நொடி அப்படியே ஓட விடுங்கள். இந்த 30 நொடி ரொம்ப முக்கியம். ஐந்து நொடியில் திறந்து பார்த்து, ஆகா பிக்கப் அருமை என்று பறக்கவிட்டவர்களின் விமானங்கள்தான் தரையிறங்கும்போது மைதானத்துக்கு வெளியே கிடக்கும். சோதிக்க வேண்டியது நீண்ட ஐடிலுக்குப் பிறகான பிக்கப்பை.

30 நொடி முடிந்ததும் ஸ்டிக்கைச் சட்டென்று, ஆனால் முரட்டுத்தனமில்லாமல், முழுக்கத் தள்ளுங்கள். காதையும் கண்ணையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, தயக்கமில்லாமல் எகிறும். சரி, நீடிலைத் தொடாதீர்கள்.

இரண்டு, கடகடவென்று தடுமாறி, வெள்ளைப் புகை கக்கி, இழுத்துப் பறித்து மேலே போகும், அல்லது அந்தத் தடுமாற்றத்திலேயே மூழ்கிச் சாகும். இது ரிச். விருந்துச் சாப்பாடு முடிந்த கையோடு ஒருவரை ஓடச் சொன்னால் எப்படி ஓடுவாரோ அப்படி. 30 நொடி ஐடிலில் இன்டேக் குழாய்ச் சுவரில் எரிபொருள் வழிந்து தேங்கியிருக்கும், த்ராட்டில் திறந்ததும் அது மொத்தமாக உள்ளே போய் பிளக்கை நனைக்கும். ஐடிலிலேயே இதற்கு அடையாளம் உண்டு. முதலில் 2,500 இருந்தது மெல்ல மெல்ல 2,300, 2,200 என்று சோர்ந்துகொண்டே வரும்.

மூன்று, புகை, தடுமாற்றம் எதுவும் இல்லாமல் ஸ்விட்ச் அணைத்த மாதிரி டக்கென்று நிற்கும். சில நேரம் கார்ப்பிலிருந்து ‘டப்’ என்று ஒரு துப்பல். இது லீன். இதற்கும் ஐடிலில் அடையாளம் இருக்கிறது: முழு த்ராட்டிலிலிருந்து இறக்கினால் உடனே அடங்காமல் 3,000இல் தொங்கிக்கொண்டிருந்துவிட்டுத்தான் இறங்கும். சும்மா விட்டால் சுற்று தானாக ஏறும்.

இரண்டிலும் எஞ்சின் நின்றுபோகிறது என்பதால்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். நின்றதா என்று பார்க்காதீர்கள், எப்படி நின்றது என்று பாருங்கள். அப்படியும் சந்தேகமாக இருந்தால் வேண்டுமென்றே கால் சுற்று ரிச் செய்து பாருங்கள். நிலைமை மோசமானால் முதலிலேயே ரிச், சீரானால் லீன். ரிச் பக்கம் போய்த் தெரிந்துகொள்வதில் எஞ்சினுக்குச் சேதமில்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் லோ நீடிலைத் திருப்ப வேண்டும். ஓடும்போது ஸ்க்ரூ டிரைவரோடு நுழைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு தடவைக்கு அரைக்கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். ஸ்க்ரூவின் பிளவு கடிகாரத்தில் 12ஐக் காட்டினால் ஒன்றரைக்குக் கொண்டுபோகும் அளவு. கடைசி நுணுக்கத்தில் அதிலும் பாதி, மாகாணி. திருப்பியதும் ஸ்டார்ட் செய்து, முதலில் முழு த்ராட்டிலில் சில நொடி ஓட்டி உள்ளே தேங்கியதைச் சுத்தம் செய்துவிட்டு, மறுபடி 30 நொடி ஐடில், மறுபடி திறப்பு. பொறுமையில்லாதவர்கள் இந்த ‘சுத்தம் செய்வதை’ விட்டுவிடுவார்கள். அப்புறம் பழைய செட்டிங்கின் மிச்சத்தைப் புது செட்டிங்கின் குறை என்று நினைத்து எதிர்ப்பக்கம் திருகுவார்கள்.

இன்னொரு வேலையும் நினைவிருக்கட்டும். ரிச்சாக இருந்ததை லீன் செய்தால் ஐடில் சுற்று தானாக ஏறும். 2,500 இருந்தது 2,800 ஆகியிருக்கும். ட்ரிம்மால் இறக்கி 2,500க்குக் கொண்டுவந்த பிறகுதான் அடுத்த சோதனை. பேரல் மூடினால் லோ நீடிலும் கொஞ்சம் உள்ளே போகிறது அல்லவா? அதனால் ஒன்றை மாற்றினால் மற்றொன்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

டியூபைக் கிள்ளும் சோதனை எனக்குப் பிடித்தது. ஐடிலில் ஓடும்போது கார்ப்புக்குப் பக்கத்தில் எரிபொருள் டியூபை விரலால் நசுக்குங்கள், பின்பக்கமிருந்துதான். ஒரு நொடிக்குள் நின்றால் லீன். மூன்று நொடி அளவுக்கு ஓடி, லேசாகச் சுற்று ஏறி நின்றால் கச்சிதம். 400, 500 சுற்று ஏறி நெடுநேரம் ரேஸ் ஆகி அப்புறம் நின்றால் ரிச். டாக்கோமீட்டர் இல்லாதவர்களும் இதைக் காதாலேயே செய்துவிடலாம். கார்ப்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் கிள்ளுகிறீர்கள் என்பதைப் பொறுத்து நொடி மாறும், அதனால் எப்போதும் ஒரே இடத்தில் கிள்ளுங்கள்.

எவ்வளவு குறைந்த ஐடில் வேண்டும் என்பதில் மைதானத்தில் ஒரு போட்டியே நடக்கும். 1,800இல் ப்ரொப்பெல்லர் இலை இலையாகத் தெரிய நிற்பது பார்க்க அழகுதான். வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், பறக்க 2,400, 2,500 வையுங்கள். கனமான நைலான் ப்ரொப்பெல்லர் என்றால் அந்தக் கனமே சுழற்சியைக் காப்பாற்றும். லேசான மரத்தில் அதே எஞ்சின் 200 சுற்று கூடுதலாகக் கேட்கும்.

தரையில் சரி, காற்றில்?

தரையிறங்க வரும்போது விமானத்தின் மூக்கு கீழே சாய்ந்திருக்கும். அப்போது எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் டேங்க் கார்ப்பைவிட உயரத்தில் வந்துவிடும். எரிபொருள் கொஞ்சம் தாராளமாக வரும், ஐடில் ரிச் ஆகும். தரையில் மட்டமாக வைத்து ‘கொஞ்சம் ரிச்சாகவே இருக்கட்டும், பாதுகாப்பு’ என்று விட்டது இங்கே வேலையைக் காட்டும். அதனால் கடைசி 30 நொடிச் சோதனையை வாலைத் தூக்கி மூக்கைக் கீழே சாய்த்துச் செய்யுங்கள். ஹை நீடிலில் ரிச் பக்கம் சாய்வது நல்லது. லோ நீடிலில் அந்தச் சாய்வு கூடாது, நடுவில் நிற்க வேண்டும்.

பிறகு பறக்கவிட்டு, நல்ல உயரத்தில் மைதானத்தின் மேலேயே ஐடிலுக்கு இறக்கி நீளமாகச் சறுக்க விடுங்கள். எஞ்சின் நின்றாலும் தரையிறக்க முடிகிற உயரத்திலேயே திறந்து பாருங்கள். அங்கே சரியாக எகிறினால் அன்றைய வேலை முடிந்தது.

மார்கழிக் காலையில் காற்று அடர்த்தி, செட்டிங் லீன் பக்கம் நகர்ந்திருக்கும், ஹை நீடிலை ஒன்றிரண்டு க்ளிக் திறக்க வேண்டும். சித்திரை மதியத்தில் காற்று மெலிந்து கொஞ்சம் ரிச்சாகத் தோன்றும். எஞ்சின் சூட்டுக்கு அந்த ரிச் உதவும், விட்டுவிடுங்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது கோவையில் எதையும் பறக்கவிட முடியாது, அதனால் ஆடிக்கு செட்டிங் கிடையாது. இந்த மாற்றங்களுக்கெல்லாம் லோ நீடிலைத் தொட வேண்டியதே வராது. ஊட்டிக்கு எடுத்துப்போனால் மட்டும் வரும். 2,200 மீட்டருக்கு மேல் காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோவையில் சரியாக இருந்தது அங்கே இரண்டு நீடிலிலும் ரிச். ஹை நீடிலை முன்பு சொன்ன முறையிலேயே புதிதாகத் தேடுங்கள், லோ நீடிலை அரைக்கால் சுற்று மூடிப் பாருங்கள். மலை இறங்கியதும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே இரண்டையும் பழைய இடத்துக்குத் திறந்துவிட வேண்டும். ஊட்டி செட்டிங்கில் கீழே ஓட்டினால் எஞ்சின் லீனில் வெந்துபோகும்.

பழைய இடம் எது என்று தெரிய வேண்டுமே? செட்டிங் சரியாக அமைந்த அன்று மாலையே, எஞ்சின் ஆறியதும், லோ நீடிலை மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணுங்கள். முட்டியதும் நிறுத்துங்கள், இறுக்கினால் நீடில் முனையும் ஜெட்டும் கெடும். எண்ணிக்கையை டேங்க் மூடியின் உட்பக்கத்தில் பெர்மனென்ட் மார்க்கரில், பிளக் வகை, ப்ரொப்பெல்லர் அளவு, நைட்ரோ சதவீதத்தோடு எழுதி வையுங்கள். பிறகு அதே அளவு வெளியே திருப்புங்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் டியூபைப் பிடுங்கி, கார்ப்பில் மிச்சமுள்ள எரிபொருளை எரித்துத் தீர்த்துவிடுங்கள். மெத்தனால் எரிந்தால் நீராவி வரும், பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் அந்த ஈரம் கிரான்க்கேஸில் தேங்கிப் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் எரிபொருள் கிரான்க்கேஸ் வழியாகப் போவதில்லை என்பதால் டூ ஸ்ட்ரோக்கைவிட இங்கே ஆபத்து அதிகம். கிரான்க்கேஸின் பின்பக்க ப்ரீதர் நிப்பிளில் சிரிஞ்சால் துருவைத் தடுக்கும் ஆஃப்டர் ரன் ஆயில் சில சொட்டு, கார்ப் வாயில் சில சொட்டு. ஸ்டார்ட்டரால் ஒரு சுழற்று சுழற்றி, கடைசியாக வால்வு இரண்டும் மூடியிருக்கும் நிலையில் ப்ரொப்பெல்லரை நிறுத்தி வையுங்கள்.